தள்ளிப்போடும் மாத்திரை

அம்மாவிடம் கேட்காதீர்கள். என்னிடம் கேளுங்கள். இரத்தம் என்னுடையது.

சிவரஞ்சனி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் கிருபாபாயின் மேஜைக்கு எதிரே, இரண்டு ஊன்றுகோல்களையும் மடியில் சாய்த்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரின் பார்வை அவள் கால்களுக்கு ஒருமுறை இறங்கியது. பிறகு ஏறி, பக்கத்திலிருந்த அம்மாவிடம் போய் நின்றது.

“கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனா?”

“மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தமா டாக்டரம்மா, அதனால கணக்கு ஒழுங்காச் சொல்ல முடியல,” என்றாள் அம்மா செல்லத்தாய்.

“பிள்ளைக்கு நாம பேசுறது வெளங்குமா?”

“எம்.எஸ்ஸி. கணக்குப் படிக்கேன் டாக்டர்,” என்றாள் சிவரஞ்சனி. “வெளங்கும்.”

பிறக்கும்போது மூச்சு வரத் தாமதமானதில் அவளுடைய கால்கள் இரண்டும் விறைத்துப் போயிருந்தன. பேச்சும் செருப்பை இழுத்து நடப்பதுபோலக் கொஞ்சம் இழுத்துத்தான் வரும். அந்த இழுப்பைக் கேட்டதும் எதிரில் இருப்பவர்கள் குரலை உயர்த்திப் பேசுவார்கள், அல்லது அம்மாவின் பக்கம் திரும்பிவிடுவார்கள். இரண்டும் அவளுக்குப் பழகியிருந்தது. பழகியது வேறு, ஒப்புக்கொண்டது வேறு.

வெளியே காத்திருந்தபோது, முந்தைய பெண்ணிடம் டாக்டர் கேட்டதெல்லாம் திரைக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. கல்யாணமாகி எத்தனை வருஷம், குழந்தை உண்டா, புருஷனோடு சேரும்போது வலி இருக்கிறதா. சேரும்போது என்ற சொல்லை ஒருவர் பட்டப்பகலில், மூக்கடைப்பு இருக்கிறதா என்று விசாரிப்பதுபோலச் சொன்னதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். அந்தக் கேள்விகள் தனக்கும் வரும் என்று நினைத்து, பதில்களை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். டாக்டர் அவற்றையெல்லாம் தாண்டிப் போய்விட்டார்.

“மத்தவங்ககிட்டக் கேக்குறதுல பாதிய எங்கிட்ட நீங்க கேக்கல டாக்டர்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முதல்முறையாக முகத்தைப் பார்த்தார்.

“சரி. கல்யாணம் ஆயிருக்கா?”

“இல்ல.”

“யார்கூடயும் சேர்ந்து இருந்திருக்கியா?”

“டாக்டரம்மா,” என்று அம்மா குறுக்கே வந்தாள்.

“நான் அவகிட்டக் கேக்கேன்.”

“இன்னும் இல்ல டாக்டர்.”

அந்த ‘இன்னும்’ அம்மாவைத் திரும்ப வைத்தது. சிவரஞ்சனி திரும்பவில்லை.

செல்லத்தாய் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அங்கே பெண்கள் எல்லோருக்கும் அந்த மாத்திரை தெரியும். கோயில் கொடை வந்தால், புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போவதென்றால், வீட்டில் வளைகாப்பு, நிச்சயதார்த்தம் என்றால் மருந்துக் கடையில் போய் “தள்ளிப்போடுற மாத்திரை” என்று கேட்பார்கள். கடைக்காரர் எதுவும் கேட்காமல் எடுத்துத் தருவார். விசேஷம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். அந்தத் தறிக்கூடத்தில் தலைவலிக்குப் போடும் மாத்திரையைவிட அதற்கு மரியாதை அதிகம்.

சிவரஞ்சனிக்கு முதலில் அது பரீட்சைக்காக வந்தது. அவள் படித்த வெள்ளத்தாய் அம்மாள் கல்லூரியில் சாய்தளம் வைத்த கழிப்பறை ஒன்றே ஒன்று. அது பூட்டியே இருக்கும். சாவி அலுவலகத்தில் பிரேம்குமார் என்பவரிடம் இருக்கும். துணி மாற்ற வேண்டிய நாட்களில் ஒவ்வொரு முறையும் அவரிடம் போய் நிற்க வேண்டும். பரீட்சை நேரத்தில் அது முடியாது என்று அம்மா மாத்திரை வாங்கினாள். பிறகு கணினிச் செய்முறைத் தேர்வு வந்தது. பிறகு செமினார். பிறகு அம்மாவுக்குத் தறியில் லீவு கிடைக்காத மாதங்கள் வந்தன. விசேஷம் முடியவே இல்லை. காலையில் தோசையோடு ஒரு மாத்திரை என்பது ஒன்றரை வருஷமாக அந்த வீட்டின் வழக்கமாகியிருந்தது. சிவரஞ்சனியும் மறுக்காமல் விழுங்கினாள். உடம்பை ஏமாற்றிவிட்ட ஒரு சின்னக் கெட்டிக்காரத்தனம்கூட அப்போது அவளுக்குள் இருந்தது.

போன திங்கட்கிழமை சாயங்காலம் கல்லூரிப் பஸ்ஸில் உடம்பு அந்தக் கணக்கைத் தீர்த்தது.

முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் கௌதம்ராஜ் உட்கார்ந்திருந்தான். வரலாறு படிப்பவன். பார்வை இல்லாதவன். இருவருக்கும் அந்தச் சீட்டு ஒதுக்கப்பட்டது என்பதால் ஆரம்பித்த பழக்கம். பஸ் வளைவில் திரும்பும்போது அவன் தோள் அவள்மேல் சாயும். அந்தச் சாலையின் வளைவுகள் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் முன்பே அவள் மூச்சு தயாராகிவிடும். விறைத்துப்போனது என்று எல்லோரும் சொல்லும் இந்த உடம்புதான் அவ்வளவு நுணுக்கமாகக் காத்திருக்கிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், பாவம் என்றிருப்பார்கள்.

அன்று அடிவயிறு சுண்டி இழுத்தது. கால்கள் வழக்கத்தைவிடக் கெட்டியாயின. சூடாக எதுவோ இறங்கி, சுடிதாரைத் தாண்டி சீட்டில் பரவியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிறவர்கள் அவளைத் தாண்டிப் போகும்போது ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

“என்ன ரஞ்சனி, எல்லாரும் திடீர்னு வாய மூடிட்டாங்க?” என்றான் கௌதம்ராஜ்.

“சீட்டெல்லாம் ரத்தம்.”

“அடிபட்டுருச்சா?”

“இல்ல. பீரியட்ஸ்.”

“அம்புட்டுதானா? பஸ்ஸு பஞ்சராயிருச்சு, நடக்க விட்டுருவாங்கன்னு நெனச்சேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவன் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். ஆனால் அவன் எழவில்லை.

“உன் ஸ்டாப்பு வந்துருச்சு.”

“நான் எறங்குனா இந்த எடத்துல எவளாச்சும் உக்காந்து உனக்கு அனுதாபம் சொல்லுவா. ராஜபாளையம் வரைக்கும் வாரேன். திரும்ப பஸ்ஸா இல்ல?”

அன்று ராத்திரியும் மறுநாளும் நிற்கவில்லை. புதன்கிழமை அம்மா லீவு போட்டுவிட்டு இங்கே கூட்டிவந்தாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் நல்லா இருக்கு. இது மாத்திரை பண்ணுன வேலை. நாலு நாள் விசேஷத்துக்குப் போடுறத, யாரையும் கேக்காம வருஷக்கணக்குலயா குடுப்பீங்க? நிறுத்திருங்க. ரத்தம் கொறஞ்சிருக்கு, அதுக்கு எழுதித் தாரேன். மாசாமாசம் வரட்டும்.”

“மாசாமாசமா?” என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகினாள். “அப்ப அத எடுத்துர முடியுமா டாக்டரம்மா?”

“எத?”

“கர்ப்பப்பைய.”

“எதுக்கு?”

“இவளுக்கு அது எதுக்கு?”

அம்மாவின் குரலில் கொடுமை ஏதும் இல்லை. இந்த வீட்டுக்கு இரண்டாவது கிரைண்டர் எதற்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். அதுதான் சிவரஞ்சனியின் காதில் அடைத்துக்கொண்டது.

“நல்லா இருக்குறத எடுத்தா, அப்புறம் ஊர்ல பாதிப் பேருக்கு எடுக்கணும்,” என்றார் டாக்டர்.

“எடுத்துத்தான இருக்காங்க டாக்டரம்மா.”

டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டினார். வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். மணியில் கைவைக்கப் போனவரை சிவரஞ்சனி நிறுத்தினாள்.

“எனக்குக் கொழந்த பொறக்குமா டாக்டர்?”

டாக்டர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“பொறக்கும். கால் விறைப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில பாக்கணும், அம்புட்டுதான். எப்ப வேணுமோ அப்ப. வேணாம்னா அதுக்கும் வழி இருக்கு. ஒரு நாள் தனியா வந்து கேளு.”

மணி அடித்தது. அடுத்த பெண் உள்ளே வந்தாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மில் சங்கு ஊதுகிற இடம் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

“ஏட்டி, ஒரு வயசுப்பிள்ள அப்படியா கேக்கும்?”

“வேற யாருகிட்டம்மா கேக்க?”

“எங்கிட்டக் கேளு.”

“நீ என்ன சொல்லியிருப்ப?”

அம்மா மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரையை நிறுத்தி, இரத்தப்போக்கும் நின்று, அடுத்த மாதம் ஒழுங்காக ஒரு வியாழக்கிழமை வந்தது. காலையிலேயே தெரிந்துவிட்டது. அம்மா கல்லூரிக்குப் போக வேண்டாம் என்றாள். சிவரஞ்சனி போனாள். அம்மா தறிக்கூடத்துத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்ததை எடுக்காமல், தானே கடையில் வாங்கிய பேட்களைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“பைல என்ன புதுசா சலசலங்குது?” என்றான் கௌதம்ராஜ், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறி உட்கார்ந்ததும்.

“பேட் பாக்கெட்.”

“ஓ, அதுவா. எங்களுக்குக்கூட போன வருஷம் கிளாஸ் எடுத்தாங்களே. இளமைப் பருவமும் ஆரோக்கியமும். உங்களுக்கும் உண்டுல்ல?”

“எங்களுக்கு மூணாவது மாடியில வச்சாங்க. லிப்ட் ஓடல. சரி பரவால்ல, உனக்கு அது தேவைப்படாதும்மா, நீ லைப்ரரியில இருன்னு மேடம் அனுப்பிட்டாங்க.”

“எனக்கு அதாவது கெடச்சுச்சு. நான் போய் உக்காந்தேன். அந்தாளு ஒண்ணர மணி நேரம், இந்தப் படத்தப் பாருங்க, இந்தப் படத்தப் பாருங்கன்னாரு. பயலுக எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சோம்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் சொல்லல.”

அவள் சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். சிரித்து ஓய்ந்தபின் கௌதம்ராஜ் குரலைத் தாழ்த்தினான்.

“நெசமாவே எனக்கு ஒண்ணும் தெரியாது ரஞ்சனி. நெட்ல படிச்சிருக்கேன். ஆனா போன்ல படிச்சுக் காட்டுற மெசினு ‘ஆணுறை’ய கோயில் அறிவிப்பு மாதிரி வாசிக்குது. கேக்கவே பயமா இருக்கு.”

“எனக்கும் பாதிதான் தெரியும்.”

“அப்ப பாதியும் பாதியும்.”

பஸ் வளைந்தது. அவன் தோள் சாய்ந்தது. இந்த முறை அவள் மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் தானும் கொஞ்சம் சாய்ந்தாள். அவன் தலை மிக மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அவன் மேல் தனக்கு இருப்பது காதலா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை. ஆசை இருந்தது. அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்க நேரம் இருக்கிறது என்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது.

பதினோரு மணி இடைவேளையில் அலுவலகத்துக்குப் போனாள்.

“சாவி வேணும் சார்.”

“காலையிலதான வாங்கிட்டுப் போன?” என்றார் பிரேம்குமார்.

“மறுபடியும் வேணும்.”

“எதுக்கும்மா?”

இந்த ‘எதுக்கும்மா’வில்தான் அவள் எப்போதும் திரும்பிப் போவாள். அதற்குப் பயந்துதான் மாத்திரையே வந்தது. அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் ஊன்றுகோல்களை நன்றாக ஊன்றிக்கொண்டாள்.

“பேட் மாத்தணும் சார். மத்தியானம் ஒரு தடவ வருவேன், மூணு மணிக்கு ஒரு தடவ வருவேன். நாளைக்கும் வருவேன். அடுத்த மாசமும் வருவேன்.”

பிரேம்குமார் எதிர்ச் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். அதில் அவருக்கு உதவியாக எதுவும் இல்லை. இழுப்பறையைத் திறந்து சாவியை மேஜைமேல் வைத்தார்.

“நீயே வச்சிக்கோம்மா. போற அன்னைக்குக் குடுத்தாப் போதும்.”

“எந்த அன்னைக்கு சார்?”

“படிச்சு முடிச்சுட்டுப் போற அன்னைக்கு.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. “ஆம்பளயாளுககிட்ட இதெல்லாமா சொல்லுவ,” என்று முணுமுணுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தவசிமுத்து மில் ஷிப்டுக்குப் போன பிறகு, அம்மா அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் பேசவேண்டிய பேச்சுக்கள் எல்லாம் அந்த வீட்டில் ஷிப்டுப்படிதான் நடக்கும்.

“ராஜபாளையத்துலயே ஒரு ஆஸ்பத்திரி இருக்கு. எங்க தறி ஆளுக எல்லாம் அங்கதான் போவோம். விசாரிச்சுட்டேன். எடுக்கலாம்னுட்டாங்க. வார புதன்கிழமை பெட்டு இருக்காம்.”

சிவரஞ்சனி கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

“ஒன்னய மாதிரி பிள்ளைக்கு அது ஒரு வதைதானேட்டி. நான் இருக்க வரைக்கும் தொவச்சுப் போடுவேன். பொறவு?”

“கடையில வாங்குற பேட்டத் தொவைக்க வேண்டாம்மா.”

“கிண்டலா பண்ணுத. நான் எடுத்த பொறவுதான் மனுசியா நின்னேன், தெரியுமா? மெசின விட்டு நகர முடியாது. தொடையெல்லாம் புண்ணாயிரும். எங்க வரிசையில பாண்டிசெல்வி எடுத்தா, முனீஸ்வரி எடுத்தா, நானும் எடுத்தேன். அன்னையோட தொல்லை தீந்துச்சு. ஒனக்கு அந்த நிம்மதியக் குடுக்கலாம்னு பாத்தா, நீ என்னைய எதிராளி மாதிரி பாக்க.”

அம்மாவின் அறுவை சிகிச்சை நடந்தபோது சிவரஞ்சனி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு மாதம் பாயில் படுத்திருந்தது நினைவிருந்தது. அப்பா சோறாக்கினார். சித்தி ஆரஞ்சுப் பழம் வாங்கிவந்தாள். அம்மா மத்தியானத்தில் தூங்கினாள். வெளிச்சத்தில் அம்மா தூங்கி அவள் பார்த்தது அந்த ஒரு மாதம்தான். அதற்குப் பிறகு வந்த முதுகுவலியை, எலும்பு தேய்ந்ததை, திடீரென்று உடம்பு கொதிப்பதை அம்மா அந்த மாதத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. அவளுக்கு அந்த அறுவை சிகிச்சை என்றால் ஓய்வு. தன் வாழ்க்கையில் கிடைத்த ஒரே ஓய்வைத்தான் மகளுக்கு எடுத்து நீட்டுகிறாள் என்பது சிவரஞ்சனிக்குப் புரிந்தது. புரிந்தபின் கோபப்பட முடியவில்லை. அது அவளுக்கு வேலையைக் கடினமாக்கியது.

“அது மட்டும் இல்ல,” என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. “வெளிய தெருவுல போற பிள்ள. ஓடக்கூட முடியாது ஒனக்கு. எவனாச்சும் எதாச்சும் பண்ணிட்டான்னா? வயித்துல ஒண்ணு நின்னுட்டா?”

இதுதான் அடியில் இருந்தது. இத்தனை வருஷமாக அம்மா கதவைத் தாழிட்டதும், பஸ் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் வந்து நின்றதும் எல்லாம் இந்தப் பயத்துக்காகத்தான். சிவரஞ்சனி அம்மாவின் கைமேல் கைவைத்தாள். நூல் அறுத்து அறுத்துக் காய்த்த விரல்கள்.

“எடுத்துட்டா அவன் பண்ண மாட்டானாம்மா?”

அம்மா நிமிர்ந்தாள்.

“பண்றவன் பண்ணத்தான் செய்வான். எடுத்துட்டா வெளிய தெரியாது. அம்புட்டுதான். அது எனக்குப் பாதுகாப்பு இல்லம்மா, அவனுக்கு.”

அப்படி ஒரு திசையிலிருந்து அம்மா அதைப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, பாதி வழியில் நின்றுவிட்ட ஒருத்தி பழகிய வழியிலேயே திரும்பி நடப்பதுபோல, போனை எடுத்தாள்.

“எல்லாம் சொல்லிட்டேன் அவியகிட்ட. நாளைக்கு வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம் பெட்ட. ஒனக்குப் பதினெட்டு தாண்டிருச்சுல்ல, ஒன் வாயால சரின்னு சொல்லணுமாம். ஒரு வார்த்த. படிச்ச பிள்ள, அம்மா ஒனக்குக் கெடுதல் செய்வனா?”

“செய்ய மாட்டம்மா.”

“அப்பப் பேசு.”

அம்மா எண்ணை அழுத்தி, மணி போக ஆரம்பித்ததும் போனை அவள் கையில் வைத்தாள். போன் சூடாக இருந்தது. மறுமுனையில் ஒரு பெண் குரல் எடுத்து, ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னது.

ஒருவேளை எனக்குக் குழந்தையே வேண்டாம் என்று இருக்கலாம் என்று சிவரஞ்சனி நினைத்தாள். முப்பது வயதில், நாற்பது வயதில், வேண்டாம் என்று நானே முடிவு செய்யலாம். கௌதம்ராஜோ வேறு யாருமோ என் வாழ்க்கையில் வராமலே போகலாம். மாதாமாதம் வரும் வலியைத் திட்டிக்கொண்டே கிடக்கலாம். அதெல்லாம் என் காரியம்.

“ஹலோ, யாரு பேசுறது? செல்லத்தாய் மகளா? பேஷண்ட்டுதான?”

அம்மா அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவரஞ்சனி இன்னொரு கையால் அம்மாவின் விரல்களை விடாமல் பிடித்துக்கொண்டாள். சொற்கள் இழுக்காமல் வரவேண்டும் என்று அவசரப்படவில்லை. அவை வருகிற வேகத்திலேயே வரட்டும் என்று விட்டாள்.

“மகதான் பேசுறேன். நான் வரலைங்க. பெட்ட வேற யாருக்காவது குடுத்துருங்க.”